கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் சமயப் பாடம் 10 வீதம்: மற்றப் பாடங்களின் நேரம் எங்கே போகிறது?

கேள்வி, 9 செப்டம்பர் 2024

லண்டன். மகள் அடுத்த வருடம் ரிசெப்சன் (ஆண்டு 1க்கு முந்திய வகுப்பு). வீட்டுக்குக் கிட்ட ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி இருக்கு. மனைவி கத்தோலிக்கம், நான் சைவம். வாரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் சமயப் பாடத்துக்கு எண்டு சொல்லுகினம். அப்ப கணிதமும் ஆங்கிலமும் அடிபடாதா? சுற்றுலா, கிளப், நாடகம் எல்லாம் இணையத்தளத்தில் படம் போடத்தானா, இல்லை அதுகளில ஏதும் படிப்பு இருக்கா?

9 செப்டம்பர் 2024, இரவு

கணிதமும் ஆங்கிலமும் அடிபடாது. அடிபடுவது பின்னேரப் பாடங்கள்.

கணக்கைப் பாருங்கள். வாரத்தில் கற்பித்தல் நேரம் ஏறத்தாழ 25 மணி. ஆயர்கள் (கத்தோலிக்க பிஷப்மார்) கேட்பது அதில் 10 வீதம், அதாவது இரண்டரை மணி. ஆங்கிலம் ஏழரை, கணிதம் 5, சமயம் 2½, உடற்பயிற்சி 2, விஞ்ஞானம் 2. மொத்தம் 19. மிச்சம் ஆறு மணிக்குள் வரலாறு, புவியியல், சித்திரம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், சங்கீதம், கணினி, பிரெஞ்சோ ஸ்பானிஷோ, உறவுக் கல்வி என எட்டுப் பாடம் நிற்கிறது. எட்டுப் பேருக்கு ஆறு கதிரை.

அதனால் இந்த அரைத்தவணை வரலாறு என்றால் அடுத்ததில் புவியியல். சித்திரமும் வடிவமைப்பும் அதே மாதிரி மாறி மாறி. ஆகவே திறந்த நாளில் போய் "சாட்ஸ் (ஆண்டு 6 அரச சோதனை) முடிவு எப்படி?" என்று கேட்டு நேரத்தைக் கழிக்காமல், "ஆண்டு 4க்கு வியாழன் பின்னேரம் என்ன நடக்கிறது? நேரசூசி காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே சங்கீதம் காணாமல் போயிருக்கும்.

11 செப்டம்பர் 2024

ஒரு திருத்தம். "காலைச் செபமும் பூசையும் அந்த 10 வீதத்துக்குள்ளா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அது தனி. இரண்டரை மணி என்பது கொப்பியில் எழுதி, ஆசிரியர் திருத்தும் பாடம். காலைச் செபம், வகுப்பு வழிபாடு, மாதப் பூசை எல்லாம் அதுக்கு மேல். ஆகவே நான் போட்ட கணக்கு கொஞ்சம் தாராளமானது. வழிபாடு நாளுக்கு 15 நிமிடம் என்றாலும் கிழமைக்கு ஒன்றேகால் மணி. வாரத்துக்கு 32½ மணி பள்ளி திறந்திருக்க வேண்டும் என்று அரசு எதிர்பார்ப்பதும் சாப்பாட்டு நேரம், இடைவேளை எல்லாம் சேர்த்துத்தான்.

22 செப்டம்பர் 2024

சமயப் பாடத்தில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர் பேரவை 2023இல் புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. ஆறு அரைத்தவணை, ஆறு கிளை. பெயர்களை என் தமிழில் தருகிறேன்: படைப்பும் உடன்படிக்கையும், இறைவாக்கும் வாக்குறுதியும், கலிலேயாவிலிருந்து எருசலேமுக்கு, பாலையிலிருந்து தோட்டத்துக்கு, உலகின் எல்லைகள் வரை, கடைசியாக உரையாடலும் சந்திப்பும். ரிசெப்சனில் இருந்து ஆண்டு 6 வரை ஒவ்வொரு வருடமும் இதே ஆறும் சுழன்று வரும். ஒவ்வொரு கிளையையும் நாலு கண்ணாடிக்குள்ளால் பார்ப்பார்கள்: கேட்டல், நம்பல், கொண்டாடல், வாழ்தல்.

இதில் கெட்டித்தனம் என்னவென்றால் பாடத்திட்டத்தின் முதுகெலும்பே திருவழிபாட்டு ஆண்டு, அதாவது திருச்சபையின் விழாக்கால நாட்காட்டி. கார்த்திகை, மார்கழியில் இறைவாக்கினர்கள் வந்தால் வகுப்பு மேசையில் திருவருகைக்கால (கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாலு ஞாயிறு) வளையமும் வரும். நாலு மெழுகுதிரி, மூன்று ஊதா, ஒன்று ரோசா. ரோசாவை மூன்றாம் ஞாயிறுக்குத்தான் கொளுத்த வேண்டும். பிள்ளைகள் முதல் கிழமையே அதைத்தான் கொளுத்தக் கேட்பார்கள்.

பிழை வரும் இடமும் அதுதான். நாட்காட்டி பள்ளிக்கூடத்தின் சொல் கேட்காது. அடுத்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 20. பல இடங்களில் தவணை ஏப்ரல் 4ஆம் திகதியே முடிகிறது. வரும்போது இதைப் பற்றி எழுதுகிறேன்.

3 அக்டோபர் 2024

சுற்றுலா. காசு விசயத்தை முதலில் முடிப்போம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, பள்ளி நேரத்தில் நடக்கும் சுற்றுலாவுக்குக் கட்டணம் அறவிட முடியாது. "விரும்பித் தரும் பங்களிப்பு" என்றுதான் கடிதம் வரும். கோச் (வாடகை பஸ்) 480 பவுண், நுழைவும் பட்டறையும் 150 பவுண், 30 பிள்ளைகள் என்று வையுங்கள். தலைக்கு 21 பவுண். ஆறு குடும்பம் தரவில்லை என்றால் 126 பவுண் துண்டு விழும். தராத வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. போனால் எல்லோரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. துண்டை நிரப்புவது பெரும்பாலும் பெற்றோர் சங்கத்தின் கேக் விற்பனை. இரவு தங்கும் பயணம் வேறு கதை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அறவிடலாம். குறிப்பிட்ட அரச உதவி பெறும் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

கோச் காலை 9.30க்குப் புறப்பட்டு 2.30க்கு முன் திரும்ப வேண்டும் என்று ஏன் அந்தரப்படுகிறார்கள்? அதே கோச்சுக்கு முன்னும் பின்னும் வேறு பள்ளிக்கூட ஓட்டம் இருக்கிறது. இடையில் எடுத்தால் மலிவு. லண்டனுக்குள் என்றால் பள்ளிக் குழுக்களுக்கு ரெயிலும் பஸ்ஸும் இலவசம், நெரிசல் நேரம் முடிந்த பிறகு, முன்கூட்டியே பதிந்தால். ஆனால் 30 பிள்ளைகளோடு நிலக்கீழ் ரெயிலில் மாறி ஏறுவதற்கு ஆள் வேண்டும். ஆண்டு 1 முதல் 3 வரை ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஆண்டு 4 முதல் 6 வரை பத்துப் பதினைந்துக்கு ஒருவர் என்பது வழமையான அளவு. நிலக்கீழ் ரெயிலுக்கு அது போதாது.

இனிப் படிப்பு. ஆண்டு 3, 4இல் பழைய எகிப்து படிக்கும் வகுப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போகிறது. நுழைவு இலவசம். கையில் 20 கேள்வி உள்ள தாள் கொடுத்தால் பிள்ளை மம்மியைப் பார்க்காது, பெயர்ப்பலகையைத்தான் பார்க்கும். ஒரு பொருளின் முன் 15 நிமிடம் இருத்தி, பென்சிலால் கீறச் சொன்னால் அடுத்த நாள் ஒரு பக்கம் எழுதும். போவதற்கு முதல் கிழமை அந்தப் பொருளின் படத்தை வகுப்பில் காட்டியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் பாடம் இல்லாத சுற்றுலா வெறும் கோச் ஓட்டம்.

பெற்றோருக்கு: சாப்பாட்டை எறியக்கூடிய பையில் கட்டுங்கள். வெறும் டப்பாவை நாள் முழுக்க யாரோ சுமக்க வேண்டும். சோறு கறி வேண்டாம், நிலத்தில் இருந்துதான் சாப்பிடுவார்கள். கச்சான், கச்சான் அல்வா, கஜு கிட்டவும் வரக்கூடாது. வாகனத்தில் சத்தி எடுக்கும் பிள்ளை என்றால் முதல் நாளே ரீச்சரிடம் சொல்லுங்கள், முன் இருக்கையும் வாளியும் ஒழுங்கு செய்வார்.

4 அக்டோபர் 2024

பேராலயத்துக்குச் சுற்றுலா என்றால் ஒரு குறிப்பு: வெஸ்ட்மினிஸ்டர் பேராலயம் வேறு, வெஸ்ட்மினிஸ்டர் மடாலயம் (அபே) வேறு. முதலாவது கத்தோலிக்கம், சிவப்புச் செங்கல், 1903இல் திறந்தது, விக்ரோறியா ஸ்ரேசனுக்குக் கிட்ட. மற்றது அரசர்களுக்கு முடிசூட்டும் இடம், அங்கிலிக்கன். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிட நடை. உதவிக்கு வரும் பெற்றோருக்கு எங்கே சந்திப்பது என்று எழுதும்போது "வெஸ்ட்மினிஸ்டர் சர்ச்" என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் மற்றப் பக்கம் நிற்பார்கள்.

19 அக்டோபர் 2024

நீச்சல். ஆண்டு 6 முடிவதற்குள் 25 மீற்றர் நீந்த வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டம். தண்ணீருக்குள் நிற்பது அரை மணி. போக, வர, உடுப்பு மாற்ற, தலை துடைக்க எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி கிட்டப் போகும். மேலே ஆறு கதிரை என்றேனே, நீச்சல் தவணையில் அதில் இரண்டை எடுத்துவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் மாட்டுப்படுவது தோட்டில். உடற்பயிற்சிக்கும் நீச்சலுக்கும் தோடு கழற்ற வேண்டும். காது குத்தி ஆறு கிழமைக்குக் கழற்ற முடியாது. புண் ஆறும் முன் நீச்சல் குளமும் கூடாது. ஆகவே காதுகுத்தை யூலை கடைசிக் கிழமை, பள்ளி விட்ட அடுத்த நாள் வையுங்கள். கோடை விடுமுறை சரியாக ஆறு கிழமை. செப்டம்பரில் குத்திக்கொண்டு வந்தால் அரைத்தவணை முழுக்கப் பிள்ளை கரையில் குந்தி இருக்கும். நூல், காப்பு, பஞ்சாயுதம் எல்லாம் அன்றைக்கு வீட்டில். நீளத் தலைமுடிக்கு ஒரு பின்னலும் தொப்பியும்.

ஆண்டு 6 வந்தும் 25 மீற்றர் நீந்தாதவர்களுக்குக் கூடுதல் வகுப்பு வைக்க அரசின் உடற்பயிற்சிப் பணம் இருக்கிறது. 2024–25இல் பள்ளிக்கு 16,000 பவுண், ஆண்டு 1 முதல் 6 வரை தலைக்கு மேலும் 10 பவுண். 180 பிள்ளை என்றால் 17,800. எப்படிச் செலவழித்தோம், எத்தனை வீதம் நீந்துகிறார்கள் என்று இணையத்தளத்தில் போடுவது கட்டாயம். போட்ட படங்களை விட்டுவிட்டு அந்த அறிக்கையைத் தேடி வாசியுங்கள். வருடா வருடம் அதே வசனம் இருந்தால் யாரும் எழுதவில்லை, ஒட்டியிருக்கிறார்கள்.

6 நவம்பர் 2024

கேள்வி கேட்டவருக்கு நேரடியாக: ரிசெப்சன் விண்ணப்பத்தின் கடைசி நாள் யனவரி 15. படிவம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கவுன்சிலுக்கு. மற்றது பள்ளிக்கு, அதுதான் துணைத் தகவல் படிவம், அதோடு மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ். சில பள்ளிகள் சுவாமியார் கையெழுத்து வைத்த கத்தோலிக்க வழக்கச் சான்றிதழும் கேட்கும். கவுன்சில் படிவம் மட்டும் போட்டால் கத்தோலிக்கப் பிள்ளை என்ற வரிசையில் பெயர் வராது. வருடா வருடம் விழும் கிடங்கு இது.

தமிழ்ப் பூசைக்கு மட்டும் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். வீடு இருக்கும் பங்கின் (பகுதித் தேவாலயத்தின்) சுவாமிக்கு உங்கள் முகம் தெரியாது. தமிழ் ஆன்மீகப் பணியகச் சுவாமி கையெழுத்து வைத்தால் செல்லுமா என்பதைப் பள்ளியின் சேர்க்கைக் கொள்கையில் வாசியுங்கள். விளங்காவிட்டால் இப்பவே அலுவலகத்தில் கேளுங்கள். மார்கழியில் சுவாமிமாருக்கு மூச்சுவிட நேரம் இல்லை. இடம் கிடைத்ததா என்ற முடிவு ஏப்ரல் 16.

நீங்கள் சைவம் என்பது பிரச்சினை இல்லை. பார்ப்பது பிள்ளையின் ஞானஸ்நானத்தை. சேர்ந்த பிறகு சமயப் பாடத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டத்தில் உண்டு. ஆனால் பாடத்திட்டம் முழுக்க அந்த நூலில் கோத்திருக்கும்போது விலக்கிய பிள்ளை ஒரு மூலையில் நிறம் தீட்டிக்கொண்டு இருக்கும். விலக்குவதென்றால் வேறு பள்ளி பாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

28 நவம்பர் 2024

கிறிஸ்து பிறப்பு நாடகம், சின்ன வகுப்புகளுக்கு. "திங்கட்கிழமை இடையர் உடை" என்று கடிதம் வெள்ளி பின்னேரம் வரும். கடைக்கு ஓட வேண்டாம். அப்பாவின் சாரம் ஒன்று, கட்டமோ கோடோ போட்டது. நடுவால் மடித்துத் தலைக்கு ஓட்டை வெட்டலாம். வெட்ட மனமில்லாவிட்டால் தோளில் ஊசி குத்திப் போர்த்துங்கள். தலைக்குத் துவாய். இங்கத்தைய பிள்ளைகள் கோப்பை துடைக்கும் துணி கட்டிக்கொண்டு வருவார்கள், எங்கள் இடையர்தான் உண்மையான இடையர் மாதிரி நிற்பார்.

10 யனவரி 2025

மறக்க முன் ஒன்று. லண்டனில் 2023 செப்டம்பரில் இருந்து அரசுப் பணத்தில் நடக்கும் ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதனால் குறைந்த வருமானக் குடும்பங்கள் இலவசச் சாப்பாட்டுப் படிவம் நிரப்புவதை விட்டுவிட்டார்கள். "சாப்பாடு கிடைக்குதுதானே." சாப்பாடு கிடைக்கும். ஆனால் அந்தப் படிவத்தில் தகுதி பதிந்தால்தான் பள்ளிக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் வருடாவருடம் பணம் வரும் (2024–25இல் அது 1,480 பவுண்). ஒருமுறை பதிந்தால் ஆறு வருடம் வரும். 2024–25இல் யுனிவேர்சல் கிறடிற் (குறைந்த வருமானத்துக்கான அரச உதவி) எடுப்பவர்களுக்கு வரி கழித்த உழைப்பு வருமானம் வருடம் 7,400 பவுணுக்குள் இருந்தால் பதியலாம் என்று இருந்தது. வயலின் வகுப்பு, இரவுப் பயணம், கிளப் எல்லாவற்றுக்கும் பள்ளி கைவைப்பது இந்தப் பணத்தில். வெட்கப்பட ஒன்றுமில்லை, வகுப்பில் யாருக்கும் தெரியாது.

8 மார்ச் 2025

தவக்காலம் புதன் தொடங்கியது. கபோட் என்ற கத்தோலிக்க உதவி அமைப்பின் நடை: 40 நாளில் 200 கிலோமீற்றர். வகுப்பாகச் செய்தால் 30 பிள்ளைக்குப் பங்கிட்டு ஆளுக்கு ஏறத்தாழ 6.7 கிலோமீற்றர். விளையாட்டு முற்றம் ஒரு சுற்று 150 மீற்றர் என்றால் 45 சுற்று. நாளுக்கு மூன்று சுற்று, மூன்று கிழமையில் முடிந்துவிடும். இதைப் பிள்ளைகளே கணக்குப் பார்க்க விட்ட வகுப்பில் ஒரே நேரத்தில் கணிதம், உடற்பயிற்சி, சமயம் மூன்றும் நடக்கிறது. முற்றத்தை அளக்கும் சில்லு அலுமாரியில் இருக்கும், எடுத்து அளக்க விடுங்கள். ரீச்சரே கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் மிஞ்சுவது நடை மட்டும்.

23 ஏப்ரல் 2025

செப்டம்பரில் சொன்னது நடந்தது. ஏப்ரல் 4இல் பள்ளி விட்டபோது குருத்தோலை ஞாயிறே வரவில்லை, அது 13ஆம் திகதி. "பாலையிலிருந்து தோட்டத்துக்கு" கிளையை மூடுவதற்கு இரண்டு வழி. உயிர்ப்பை முன்கூட்டியே படிப்பித்துவிடலாம், அல்லது கல்லறையோடு நிறுத்தி, திரும்பி வந்து முதல் கிழமை தொடரலாம். முதல் வழியில் பிள்ளைகள் தவக்காலத்தில் அல்லேலூயா பாடும். இரண்டாவதில் அடுத்த கிளைக்கு ஒரு கிழமை குறையும். இரண்டாவதே சரி என்று நினைக்கிறேன்.

இந்த முறை அதிலும் ஒரு சேர்க்கை. திங்கள் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்தார், பல பள்ளிகளில் பிள்ளைகள் செவ்வாய் திரும்பினார்கள். திட்டத்தில் இல்லாத பாடம். உயிர்ப்புக் கால வெள்ளைத் துணியும் பாஸ்காத் திரியும் (ஈஸ்டர் மெழுகுதிரி) ஏற்கனவே மேசையில் இருந்ததால் இடம் ஆயத்தமாக இருந்தது.

10 மே 2025

பதினான்காம் லியோ புதிய பாப்பரசராகத் தெரிவான 8ஆம் திகதி ஆண்டு 6க்கு சாட்ஸுக்கு முந்திய வியாழன். திங்கள் இலக்கணமும் எழுத்துக்கூட்டலும், செவ்வாய் வாசிப்பு, புதன் கணிதம் இரண்டு தாள், வியாழன் கணிதம் மூன்றாம் தாள். 100 என்பது எதிர்பார்க்கும் அளவு, நூற்றுக்கு நூறு அல்ல. இதை வருடா வருடம் விளக்க வேண்டி இருக்கிறது. சமயத்துக்கு சாட்ஸ் இல்லை. அதைக் கத்தோலிக்கப் பள்ளி மேற்பார்வை தனியாக வந்து பார்க்கும், அரச மேற்பார்வை அதைத் தொடாது.

முதல் நன்மை (பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்குவது) இந்த மாதமும் அடுத்த மாதமும். (தமிழ்நாட்டுக்காரர் புதுநன்மை என்பார்கள்.) பெரும்பாலும் ஆண்டு 3. வகுப்பில் படிப்பது பாடம், ஆயத்த வகுப்பு நடத்துவது பங்கு. பள்ளியில் சேர்த்தால் போதும், பெயர் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

3 யூன் 2025

ஆண்டு 4 வாய்பாட்டுச் சோதனை நேற்றுத் தொடங்கியது. 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 செக்கன், நடுவில் 3 செக்கன் இடைவெளி. சித்தி அளவு என்று ஒன்று இல்லை. எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை ரியூசனில் வாய்பாடு தண்ணி மாதிரிச் சொல்லும், ஆனால் இங்கே தடக்கும். காரணம், ஓரேழு ஏழிலிருந்து தொடங்கி ஓடி வந்துதான் எட்டேழைப் பிடிக்கும். 6 செக்கனுக்குள் அந்த ஓட்டம் முடியாது. குலுக்கிக் கேளுங்கள்: 7×8, 12×6, 9×4. வாயால் அல்ல, இலக்கத்தை அழுத்திப் பழக்குங்கள். மடிக்கணினியில் பழகிய பிள்ளைக்குப் பள்ளியில் ரப்லெற் கொடுத்தால் இரண்டு மூன்று கேள்வி அதிலேயே போகும். எதில் செய்விப்பார்கள் என்று கேளுங்கள்.

அடுத்த கிழமை ஆண்டு 1 ஒலிப்புச் சோதனை. 40 சொல், அதில் 20 பொய்ச்சொல் (அர்த்தமில்லாத, புனைந்த சொல்), பக்கத்தில் ஒரு வேற்றுலகப் பூதத்தின் படம் இருக்கும். கடந்த வருடங்களில் 32 எடுத்தால் போதும். நன்றாக வாசிக்கும் பிள்ளைதான் இதில் பிழை விடும், பொய்ச்சொல்லைத் தெரிந்த சொல்லாகத் திருத்தி வாசித்துவிடும். "படம் இருந்தால் அது பூதத்தின் பெயர், எழுத்தில் இருப்பதை அப்படியே சொல்லு" என்று சொல்லிவைத்தால் போதும்.

6 யூலை 2025

கடைசிக் கிளை, உரையாடலும் சந்திப்பும். மற்றச் சமயங்கள் வரும் இடம். கேள்வி கேட்ட சைவ அப்பாவுக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நீஸ்டன் கோவிலுக்குப் பள்ளிகள் போகும், 1995இல் திறந்தது. ஆனால் அது சுவாமிநாராயணன் கோவில், வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் கும்பிடுவது முருகனை. "உங்கட கோவிலுக்குப் போறம்" என்று ரீச்சர் சொன்னால் பிள்ளை முழிக்கும். ஹைகேற் முருகன், ஈலிங் அம்மன், விம்பிள்டன் பிள்ளையார் எல்லாம் லண்டனுக்குள்தான். பெற்றோர் யாராவது முன்கூட்டியே கோவில் நிர்வாகத்தோடு கதைத்துக் கொடுத்தால் பள்ளி வரும். பூசை நேரத்துக்கு இடையில் வையுங்கள். சப்பாத்து கழற்ற 30 பிள்ளைக்கு பத்து நிமிடம், போட இருபது. ஒவ்வொரு சோடியையும் பெயர் எழுதிய பையில் போட்டுக் கட்டாவிட்டால் இருபது நாற்பதாகும்.

செப்டம்பரில் போட்ட கணக்கில் இன்னொரு பிழை. உடற்பயிற்சிக்கு 2 மணி போட்டு, நீச்சலைத் தனியாகவும் கழித்தேன். பல பள்ளிகள் நீச்சல் தவணையில் ஒரு மணி உடற்பயிற்சியை எடுத்து அதுக்குள் போடுகின்றன. ஆகவே காணாமல் போவது இரண்டு கதிரை அல்ல, ஒன்று. அந்த ஒன்று பெரும்பாலும் சங்கீதத்தினுடையது. வியாழன் பின்னேர நேரசூசியைக் கேட்டீர்களா இல்லையா என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.